பட்டறையில் முடிவாகும் ஆயுள்

சேற்றுழவு முடிந்து பட்டறைக்கு வரும் டிராக்டரில் மெக்கானிக் முதலில் இழுத்துப் பார்ப்பது கியர் ஆயிலின் அளவுக் கம்பியைத்தான். தேன் நிறத்தில் ஒட்டியிருக்க வேண்டிய ஆயில், கம்பியின் நுனியில் பால் கலந்த தேநீரைப் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று பொருள். “ஆயில் பாலாயிடுச்சுண்ணே” என்று அவர் சொல்லும் ஒரு வரியில் வண்டிக்காரரின் அந்த வாரக் கணக்கு முழுவதும் மாறிவிடும். பெரும்பாலான டிராக்டர்களில் கியர் பெட்டி, டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக ஒரே ஆயில்தான் ஓடுகிறது. மாடலைப் பொறுத்து அது 30 லிட்டரைத் தாண்டியும் பிடிக்கும். அதை முழுவதும் வடித்து, டீசல் ஊற்றிக் கழுவி, புது ஆயில் நிரப்புவதற்கே கையைக் கடிக்கும். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்காமல் மூடிவிட்டாலோ அடுத்த உழவில் அதே பால் திரும்ப வரும்.

தண்ணீர் வரும் விதம் சற்று விநோதமானது. நாள் முழுவதும் உழுது சூடேறிய பின் ஆக்சிலின் கூடு, ஓட்டுநர் டீ குடிக்கப் போகும் அரை மணி நேரம் சேற்றுத் தண்ணீரில் முங்கி நிற்கும்போது குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளிக்காற்றை இழுக்கப் பார்க்கிறது. காற்று போய்வருவதற்கென்று வைத்திருக்கும் சிறு துளை சேற்றால் அடைபட்டிருந்தால், ஆயில் சீலின் தேய்ந்த உதடு வழியாகத் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்கிறது. ஓடும்போது நுழையாத தண்ணீர் நிற்கும்போது நுழைகிறது என்பதால்தான், “வண்டியைச் சேத்துலயே நிறுத்தாதீங்க” என்று மெக்கானிக்குகள் சலிக்காமல் சொல்கிறார்கள். ஓட்டுநர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

பழுது பார்ப்பதும் பழைய வண்டியை உடைப்பதும் சட்டத்தின் பார்வையில் இரண்டு தனித்தனித் தொழில்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சிறுநகரங்களில் அவை பல நேரங்களில் ஒரே பட்டறையின் முன்புறமும் கொல்லைப்புறமுமாக இருக்கின்றன. முன்புறத்தில் நிற்கும் டிராக்டருக்கு வேண்டிய ஆக்சிலோ ஹைட்ராலிக் கையோ, கொல்லைப்புறத்தில் தகரத்தின் கீழ் கிடக்கும் இன்னொரு டிராக்டரிலிருந்து வருகிறது. ஆகவே, எந்த வண்டி இன்னும் சில வெள்ளாமைக்கு ஓடும், எந்த வண்டி மற்ற வண்டிகளுக்குள் பிரிந்து போகும் என்பது இந்த மெக்கானிக்கின் மதிப்பீட்டில்தான் முடிவாகிறது. பழைய வண்டிகளை அப்புறப்படுத்த அண்மை ஆண்டுகளில் வந்த விதிகள் இந்த இடத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகின்றன. அந்த மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் விதிகளில் விடுபட்டது என்ன என்பது விளங்கும்.

முதலில் பருவம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டால் குறுவைக்கான உழவு உடனே தொடங்கும். குறுவை அறுவடையும் சம்பா, தாளடி நடவும் புரட்டாசி, ஐப்பசியில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். தை, மாசியில் சம்பா அறுவடை. இந்தச் சில வாரங்களில் ஒரு டிராக்டர் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஓடுகிறது. மற்ற மாதங்களில் மண்ணோ செங்கல்லோ அடிக்கிறது, அல்லது கொட்டகையில் நிற்கிறது. காருக்குக் கிலோமீட்டர் கணக்கு என்றால் டிராக்டருக்கு மணிக் கணக்கு. எஞ்சின் ஆயிலை 250 மணிக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. பருவத்தில் அந்த 250 மணி ஒரே மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. ஆனால் ஆயில் மாற்ற வண்டியை நிறுத்த வேண்டிய நாளும் அதே மாதத்தில்தான் விழுகிறது. அப்போது எவரும் வண்டியை நிறுத்துவதில்லை. இதனால் பட்டறையில் இரண்டு வகை வேலை உருவாகிறது: பருவத்தின் நடுவே எப்படியாவது ஓடவைக்கும் வேலை, சித்திரை, வைகாசியில் நிதானமாகப் பிரித்துச் செய்யும் வேலை. முதல் வகையில் வைக்கப்பட்ட ஒட்டுகளைப் பிரித்துச் சரிசெய்வதே இரண்டாம் வகையில் பாதி என்று சொன்னால் மிகையாகாது.

நிதானமாகச் செய்யும் வேலைகளில் கிளட்ச் மாற்றுவதை ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும். லாரிக்கு அடியில் சேசிஸ் எனப்படும் இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. எஞ்சினும் கியர் பெட்டியும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். வழக்கமான டிராக்டருக்கு அப்படிச் சட்டம் கிடையாது. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர் பெட்டி, பின் ஆக்சில் ஆகியவை ஒன்றோடொன்று போல்ட்டால் முடுக்கப்பட்டு அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. இந்த அமைப்பால் கிளட்ச் பிளேட்டைத் தொட வேண்டுமென்றால் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரித்தே ஆகவேண்டும்.

பானெட்டைக் கழற்றி, பேட்டரி இணைப்பை விலக்கி, டீசல் குழாய்கள், ஸ்டியரிங் தண்டு, ஆக்சிலேட்டர் கம்பி, ஒயர்கள் எல்லாவற்றையும் விடுவித்த பிறகு, முன் ஆக்சிலுக்கும் அதைத் தாங்கும் வார்ப்புக்கும் இடையே இருபுறமும் மரத்தால் ஆப்பு அடிக்கிறார்கள். முன் ஆக்சில் நடுவில் ஒரே ஒரு பின்னில் ஆடும்படி அமைந்திருப்பதால், பின்பாதி பிரிந்த கணத்தில் எஞ்சின் எந்தப் பக்கமும் கவிழலாம். அதைத் தடுப்பது அந்த இரண்டு மரத்துண்டுகள். எங்கள் சித்தப்பாவின் வண்டிக்கு ஒரு பட்டறையில் அவசரத்தில் ஒரு பக்க ஆப்பை மட்டும் அடித்துவிட்டுப் பிரித்தார்கள். எஞ்சின் மெதுவாக மறுபக்கம் சாய்ந்து ரேடியேட்டர் குழாயையும் ஆயில் ஃபில்டரையும் நசுக்கியது. நல்லவேளையாக யாருடைய காலும் அங்கே இல்லை. அன்றிலிருந்து சித்தப்பா வேறெதைப் பார்க்கிறாரோ இல்லையோ, ஆப்பை மட்டும் தானே தட்டிப் பார்ப்பார்.

ஆப்பு இறுகியதும் கியர் பெட்டிக்குக் கீழே ஜாக்கியும், எஞ்சினுக்குக் கீழே கட்டையும் கொடுத்து, கூட்டைச் சுற்றியுள்ள போல்டுகளைக் கழற்றி, இரண்டு பேர் பின்சக்கரங்களைக் கையால் உருட்டுகிறார்கள். ஒரு முழம் இடைவெளி விழுந்ததும் கருகிய கிளட்ச் தூசியின் வாடை வரும். பல டிராக்டர்களில் இருப்பது இரட்டைக் கிளட்ச்: ஒரு பிளேட் சக்கரத்துக்கு, இன்னொன்று பின்னால் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தண்டுகள், உள்ளே கெட்டித் தண்டு, வெளியே குழல் தண்டு, இந்த இரண்டு பிளேட்டுகளின் பற்களுக்குள் நுழைய வேண்டும். பிரிப்பது ஒரு மணி வேலையென்றால் சேர்ப்பது அரை நாள் வேலையாக நீளுவதற்கு இதுவே காரணம். பிளேட்டுகள் நடுவுக்கு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் தண்டு நுழையாது. நுழையவில்லை என்று போல்ட்டை முடுக்கி இழுத்தால் பிளேட்டின் நடுவட்டம் வளைந்துவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் பழைய வண்டி ஒன்றிலிருந்து அறுத்து வைத்த தண்டுத் துண்டைப் பிளேட்டுகளுக்குள் நுழைத்து நடுவைப் பிடித்துக்கொண்டு, அதன்பிறகே கிளட்சை முடுக்குகிறார். இதை அவர்கள் டம்மி ஷாஃப்ட் என்கிறார்கள். கடையில் விற்கும் கருவியைவிட உடைத்த வண்டியின் உண்மையான தண்டே சரியாக உட்காரும் என்பது அவர்களின் கட்சி, அதில் நியாயம் இருக்கிறது.

எஞ்சின் கோளாறைப் பிரிக்காமலே கண்டறிவதில் மெக்கானிக்கின் மதிப்பு தெரியும். கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை: காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் சொட்டலாம், அல்லது கலப்பை அளவுக்கு மீறி ஆழமாக இறங்கியிருக்கலாம். நீலம் ஓடும் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெண்புகை என்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது, அல்லது டீசல் எரியாமல் ஆவியாகவே வெளியே போகிறது. மூன்று சிலிண்டரில் எது உழைக்கவில்லை என்று பார்க்க, எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்துகிறார்கள். தளர்த்தியதும் எஞ்சின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் கோளாறு அங்கேதான். ஐந்து நிமிடம்கூட ஆகாத, ஒரு காசும் செலவில்லாத சோதனை இது. எஞ்சினின் மூச்சுக்குழாயில் உள்ளங்கையை வைத்துக் காற்றின் அழுத்தத்தைப் பார்ப்பதும் இப்படித்தான். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தாண்டி எவ்வளவு புகை கீழே இறங்குகிறது என்பதைக் கை சொல்லிவிடும்.

அளவுகளைச் சொல்லும் மொழி மூன்று உலகங்களிலிருந்து வருகிறது. தகடும் குழாயும் நூல் கணக்கில், அதாவது ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். நுண்ணிய இடைவெளிகள் தவ் கணக்கில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புதிய வண்டிகளின் போல்டுகள் மில்லிமீட்டரில். பிரிட்டனின் பெர்கின்ஸ் வழிவந்த மூன்று சிலிண்டர் எஞ்சின்களுக்குக் குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி 0.30 மில்லிமீட்டர் என்று கையேட்டில் இருக்கும். பட்டறையில் “டேப்பெட் பன்னெண்டு வை” என்று சொன்னால் பன்னிரண்டு தவ், ஏறக்குறைய அதே அளவுதான். 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களும், அவற்றில் பலவற்றைச் சுமந்த சிம்சன் எஞ்சின்களும் தமிழ்நாட்டுப் பட்டறைகளின் பள்ளிக்கூடமாக இருந்தன. அங்குல மரை உள்ள அந்தப் பழைய எஞ்சின்களுக்காக இன்றும் பல மெக்கானிக்குகள் தனியாக ஒரு அங்குல ஸ்பேனர் செட்டைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். சிம்சன் எஞ்சின் டிராக்டரில் மட்டுமன்றி ஜெனரேட்டரிலும் கம்ப்ரசரிலும் ஓடியதால் அதன் உதிரிகள் கிடைக்காத ஊர் அபூர்வம். அந்த வண்டிகள் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எஞ்சினின் ஆயுளைக் கணக்கிடுவதில் மெக்கானிக்குக்குத் துணை நிற்பது கடைசல் பட்டறை. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு தேய்ந்தால் அதைக் கடைந்து பத்து தவ் குறைத்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போடுகிறார்கள். அடுத்த முறை இருபது, அதற்கடுத்து முப்பது. அதற்கு மேல் குறைத்தால் அளவுக்கேற்ற பேரிங் கிடைப்பது கடினம், தண்டின் வலுவும் போய்விடும். எனவே “இந்தக் கிராங்க் இருபதுல இருக்கு” என்று கடைசல்காரர் சொல்வது ஒரு வயதுச் சான்றிதழ். பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர் பெயிண்டையும் டயரையும் பார்ப்பதைவிட இதைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். லைனரும் பிஸ்டனும் செட்டாகப் புதிதாகக் கிடைக்கும்; கிராங்கைப் போல அவை வண்டியின் வயதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சிலிண்டர் ஹெட்டின் போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, குறிப்பிட்ட விசையில் முடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வரிசையைப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சை எடுப்பவர்கள் குறைவு. கைப்பழக்கமே போதும் என்பது அவர்களின் வாதம். சக்கர நட்டுக்கு அது போதும். ஹெட்டுக்கும் கனெக்டிங் ராடின் மூடிகளுக்கும் போதாது என்பதே என் எண்ணம். ஒரு போல்ட் கூடுதலாக இழுபட்டு இன்னொன்று தளர்ந்திருந்தால் கேஸ்கட் ஒரு மூலையில் ஊதும், அதனால் வரும் செலவு ரெஞ்சின் விலையைச் சீக்கிரமே மிஞ்சிவிடும்.

தொழில் கற்கும் பையன்களின் முதல் ஆண்டு பெரும்பாலும் டீசல் தட்டில் உதிரிகளைக் கழுவுவதில் போகிறது. வெறும் எடுபிடி வேலையாகத் தெரிந்தாலும், கழற்றிய வரிசையில் அடுக்கி வைக்கும் பழக்கம் அங்கேதான் வருகிறது. கனெக்டிங் ராடுகளின் மூடிகள் ஒன்றுக்கொன்று மாறக்கூடாது என்பதால் கழற்றும் முன்பே முதல் சிலிண்டருக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு என்று உளியால் குத்துகிறார்கள். ஐ.டி.ஐ.களில் டீசல் மெக்கானிக்குக்கும் டிராக்டர் மெக்கானிக்குக்கும் ஓராண்டுப் படிப்பு உண்டு. வேளாண் இயந்திர மெக்கானிக் பிரிவு இரண்டாண்டு. அங்கிருந்து வருபவர்களுக்கு வரைபடம் படிக்கத் தெரிகிறது, பட்டறையில் வளர்ந்தவர்களுக்குச் சத்தம் படிக்கத் தெரிகிறது. இரண்டும் தெரிந்த ஆளுக்கு நிறுவன ஷோரூமில் வேலை கிடைத்துவிடுவதால் கிராமத்துப் பட்டறையில் அவர் நிலைப்பதில்லை.

அறுவடை இயந்திரம் முற்றிலும் வேறொரு பிராணி. தை மாதத்தில் ஆத்தூர், சேலம் பக்கங்களிலிருந்து டெல்டாவுக்கு லாரிகளில் ஏற்றிவரப்படும் இயந்திரங்களில் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடி ஈர வயலில் இறங்கக்கூடிய பெல்ட் வண்டிகளுக்கே கிராக்கி. வாடகை மணிக்கணக்கில் என்பதால் வயலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவருக்கு நட்டம். வானம் இருட்டியிருந்தால் இன்னும் மோசம். ஆகவே இங்கே பட்டறைக்கு வண்டி வருவதில்லை, வண்டியிருக்கும் வரப்புக்கு மெக்கானிக் போகிறார், பெரும்பாலும் இரவில், தலையில் கட்டிய விளக்கோடு. முன்பக்க வெட்டுக் கத்திகளின் ரிவிட் உதிர்வது, கதிரை உள்ளே இழுக்கும் சங்கிலி அறுவது, பனியில் நனைந்த வைக்கோல் கதிரடிக்கும் டிரம்மில் சுற்றி அடைத்துக்கொள்வது ஆகியவை அன்றாடத் தொல்லைகள். ரப்பர் பெல்ட்டுக்குக் கீழேயுள்ள உருளைகளின் சீல்கள் சேற்றில் அரிபட்டு பேரிங் போவதுதான் செலவு வைக்கும் கோளாறு. பெல்ட் இறுகியிருந்தால் சீக்கிரம் தேயும், தளர்ந்திருந்தால் வயலின் நடுவில் வண்டி திரும்பும்போது கழன்றுவிடும். கழன்ற பெல்ட்டை முழங்கால் சேற்றில் மாட்டிப் பார்த்தவர்கள் அடுத்தமுறை தளர்வாக விடுவதில்லை.

ஆபத்துகளைப் பற்றித் தொழிலில் உள்ளவர்கள் அதிகம் பேசுவதில்லை. பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று ஓடுகிறது, அதாவது நொடிக்கு ஒன்பது. கைலியின் ஒரு நுனி அதில் சிக்கினால் கையை எடுக்க அவகாசம் இல்லை. தண்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறை முதல் பழுதிலேயே கழற்றப்பட்டுப் பிறகு மாட்டப்படாமல் போவது பட்டறைகளின் பொதுவான பாவம், அதில் வண்டிக்காரருக்கும் பங்குண்டு. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சத்தம் கேட்கும் வழக்கத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பை விளக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்ன முறைகள் எல்லாம் இயந்திர விதிகளால் மட்டும் ஓடும் எஞ்சின்களுக்கானவை. 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு நான்காம் கட்டப் புகை விதி நடைமுறைக்கு வந்தது. அவ்வகை வண்டிகளில் டீசலைச் செலுத்துவது பழைய பம்பு அல்ல; உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கிவைக்கும் ஒரு பொதுக்குழாயும் அதைக் கட்டுப்படுத்தும் கணினியும். பழைய நாசில் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் திறந்தது. இங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் என்று பார்க்கும் அந்த ஐந்து நிமிடச் சோதனையை இந்த எஞ்சினில் செய்தால் பீய்ச்சியடிக்கும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். விரலை எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். முப்பது ஆண்டு அனுபவமே ஆபத்தாக மாறும் இடம் இது. இந்தியாவில் அதிகம் விற்கும் டிராக்டர்கள் 41 முதல் 50 குதிரைத்திறன் வரையிலானவை என்பதால் பெரும்பாலான பட்டறைகளுக்கு இந்த மாற்றம் இன்னும் தூரத்து இடியாகவே கேட்கிறது.

கணினி உள்ள வண்டியில் கோளாறைப் படிக்க ஸ்கேனர் வேண்டும், அதன் மென்பொருள் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கார்களில் இதே சிக்கல் முன்பே வந்தது. உதிரிபாகங்களையும் கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் ஏறக்குறைய 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தபோது, அது கவனிக்க வேண்டிய துறைகளில் வேளாண் கருவிகளையும் சேர்த்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் விவசாயிகளுக்கு இந்த உரிமையைச் சட்டமாகவே தந்து 2024 தொடக்கத்திலிருந்து நடைமுறைப்படுத்தியிருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் வருமென்றால், அது ஸ்கேனரைத் திறந்துவிடுவதோடு நிற்காமல் பழைய மெக்கானிக்குக்கு அதைக் கற்றுத்தரும் ஏற்பாட்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

இனி கொல்லைப்புறம். ஒரு டிராக்டரை உடைப்பது என்ற முடிவு ஒரு நாளில் வருவதில்லை. கிராங்க் முப்பதில் இருக்கிறது, பிளாக்கில் விரிசல், கியர் பெட்டியின் வார்ப்பு ஏற்கெனவே ஒருமுறை பற்றவைக்கப்பட்டது, செலவுக் கணக்கு வண்டியின் சந்தை மதிப்பில் பாதியைத் தாண்டுகிறது என்று ஒவ்வொன்றாகச் சேரும். அப்போதும் உரிமையாளர் உடனே சம்மதிக்க மாட்டார். அப்பா வாங்கிய வண்டியாக இருக்கும், அல்லது வீட்டில் முதலில் வாங்கிய வண்டியாக. மெக்கானிக்கே ஒரு விலை சொல்லி வாங்கிக்கொண்டால் பேச்சு முடியும்.

உடைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. பேட்டரி, டயர்கள், டைனமோ, ஸ்டார்ட்டர், டீசல் பம்பு ஆகியவை முதல் வாரத்திலேயே போய்விடும். ஹைட்ராலிக் பம்பு, ஸ்டியரிங் பெட்டி, முன் ஆக்சில் ஆகியவை அடுத்த பருவத்துக்குள் விலைபோகும். பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பற்சக்கரங்களான கிரவுன் சக்கரமும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசவிட்டு ஜோடியாக்கப்பட்டவை, இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்றை மட்டும் விற்றால் வாங்கியவரின் வண்டி சில நாளில் ஊளையிடும். நேர்மையான மெக்கானிக் அவற்றைக் கம்பியால் சேர்த்துக் கட்டியே தொங்கவிட்டிருப்பார். பழைய உதிரி வாங்கப் போகிறவர் அந்தக் கம்பியைக் கவனித்தால் பட்டறையின் குணம் தெரிந்துவிடும். கார், பைக்குகளை உடைப்பதற்குச் சென்னையில் புதுப்பேட்டையும் கோவையில் உக்கடமும் பெயர்பெற்றவை என்றாலும், டிராக்டர் பெரும்பாலும் அவ்வளவு தூரம் பயணம் செய்வதில்லை. அதன் உதிரிகளுக்கான தேவை அதன் ஊரைச் சுற்றியே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் விதிகள் விலகி நிற்கின்றன. 2021-இல் மத்திய அரசு பழைய வண்டிகளை அழிக்கும் கொள்கையை அறிவித்து, அதே ஆண்டு பதிவுபெற்ற அழிப்பு மையங்களுக்கான விதிகளையும் வெளியிட்டது. அங்கே வண்டியை ஒப்படைத்தால் சான்றிதழ் கிடைக்கும், பதிவு முறையாக ரத்தாகும். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான சுற்றுச்சூழல் விதிகள், தாங்கள் விற்ற வண்டிகளின் இரும்பை மறுசுழற்சிக்குக் கொண்டுவரும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் தலையில் வைத்தன. ஆனால் வேளாண் டிராக்டர், வேளாண் டிரெய்லர், அறுவடை இயந்திரம், பவர் டில்லர் ஆகியவற்றை அந்த விதிகள் வெளிப்படையாகவே விலக்கியிருக்கின்றன. விவசாயியின் மேல் புதுச் சுமை கூடாது என்ற நோக்கம் புரிகிறது. அதன் விளைவாக, வடித்த ஆயில் எங்கே போக வேண்டும் என்று டிராக்டரை உடைப்பவருக்குச் சொல்லித்தர அந்த விதிகளின்படி யாரும் பொறுப்பாளி இல்லை. பேட்டரியின் ஈயத்துக்கு விலை இருப்பதால் அது தானாகவே கடைக்குத் திரும்பிவிடுகிறது. கறுத்த ஆயிலில் கொஞ்சம் மாட்டுக்கொட்டகை மரத்துக்குக் கரையான் மருந்தாகவும் கொஞ்சம் கதவுக் கீலுக்கும் போகிறது. மீதி பட்டறைத் தரையில் ஊறுகிறது. பேட்டரிக்கு இருப்பதைப் போல இந்த ஆயிலுக்கும் திரும்ப வாங்கும் விலை ஒன்றை உற்பத்தியாளர்கள் தரும்படி செய்திருந்தால், விவசாயிக்கு ஒரு பைசா சுமையில்லாமல் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

காகிதத்தின் கதையும் இப்படித்தான். வண்டி நிரந்தரமாக ஓடாத நிலைக்கு வந்தால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. டிராக்டரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். வயலுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் இவை எதையும் யாரும் நினைப்பதில்லை. எஞ்சின் ஒரு ஊரிலும் பின் ஆக்சில் இன்னொரு ஊரிலும் ஓடிக்கொண்டிருக்க, பதிவுப் புத்தகம் உரிமையாளரின் பெட்டியில் பத்திரமாக இருக்கும்.

எல்லாம் போனபின் கொல்லையில் மிஞ்சுவது விரிசல் விட்ட பிளாக், கியர் பெட்டியின் வெற்றுக்கூடு, நெளிந்த மட்கார்டு. மட்கார்டைப் பக்கத்து வீட்டுக்காரர் கோழிக்கூண்டுக்குக் கேட்டு வாங்கிப் போவார். வார்ப்பிரும்பைக் காயலான் கடைக்குப் போட மெக்கானிக் அவசரப்படுவதில்லை. விலை ஏறட்டும் என்று ஒரு மழைக்காலம் முழுவதும் அப்படியே கிடக்கும். போடும் நாளில், கியர் பெட்டிக்குள் மறந்துபோன தண்டு ஒன்று கையில் தட்டுப்பட்டால் பல் உள்ள நுனியை மட்டும் அறுத்து, தேய்த்து, சுவரில் ஆணியில் மாட்டிவிடுவார். முன்புறத்தில் அடுத்த கிளட்ச் வேலை காத்திருக்கும்.